கதைத்தால் முளை சாயும்

கண்டல் மரம் நடுகிற எங்கள் குழுவில் இந்த மார்கழியில் ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் தயாராகிறது. பழையவர்கள் ஆளுக்கு ஓர் அனுபவம் எழுத வேண்டும் என்று குழுவை நடத்துகிற மிஸி உத்தரவு போட்டுவிட்டார். "புதுசா வந்தவங்களுக்கு உதவுற மாதிரி நல்லதா ஒண்டு எழுதுங்க நானா" என்றார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். நான் செய்த நல்லதை எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தோடு வற்றிப் போகிறது. செய்த பிழையைத் தொடங்கினால் தாள் போதவில்லை. ஆகையால் பிழையையே எழுதுகிறேன். உதவுமா உதவாதா என்பதை மிஸி பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் என்னைப் பற்றி. புத்தளம் தில்லையடியில் இருக்கிறேன். பெயர் நசீர். முப்பத்துநான்கு வருடம் அளவைக் கந்தோரில், அதாவது நில அளவை அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவன். அளவைக் கந்தோர் என்றதும் தொப்பி போட்டுக்கொண்டு கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற கனவானை நினைத்துவிடாதீர்கள். அவர் நில அளவையாளர். அவருக்கு நூறு யார், அதாவது நூறு கஜம், தள்ளி, முள்ளுப் பற்றைக்குள், சிவப்பும் வெள்ளையும் அடித்த கோலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பானே, அவன்தான் நான். பெண் கேட்டுப் போனபோது என் வாப்பா, "மகன் அளவைக் கந்தோர்ல உத்தியோகம்" என்று மட்டும் சொல்லிவைத்தார். கல்யாணம் முடிந்த முதல் திங்கட்கிழமை நான் தோளில் மரச்சுத்தியலோடு புறப்பட்டதைப் பார்த்த என் மனைவி இன்றுவரை அந்தக் கதையை விடவில்லை.

வேலை பழகிய காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் முழுக்கக் குடை பிடித்தேன். எனக்கல்ல, அளவையாளர் சேருக்குமல்ல, கருவிக்கு. வெயில் பட்டால் அதற்குள் இருக்கிற நீர்மட்டக் குமிழி இடம் மாறிவிடுமாம். எங்கள் தலைக்குள் எது இடம் மாறினாலும் கேட்பாரில்லை. இரண்டாம் வருடம் அளவுச் சங்கிலி இழுத்தேன். மூன்றாம் வருடம் முளை அடிக்க விட்டார்கள்.

ஆடு மாடு கட்ட நிலத்தில் அடிக்கிற கட்டையை முளை என்கிறோம் அல்லவா, காணியின் மூலையிலும் கோட்டின் திருப்பத்திலும் அடிக்கிற கட்டைக்கும் எங்கள் வேலையாட்கள் வாயில் அதே பெயர்தான். விதை விடுகிற முளையும் தமிழில் இதே சொல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல் பட்ட பாட்டைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

முளை அடிப்பதைச் சும்மா வேலை என்று நினைக்கக் கூடாது. போன வருடம் கந்தோருக்குப் போயிருந்தேன். இப்போது சங்கிலி இல்லை, குடை இல்லை. கைத்தடி மாதிரி ஒன்றை நட்டுவிட்டு வானத்தில் சுற்றுகிற எதனுடனோ கதைக்கிறார்கள். அங்கிருந்த புதியவர் ஒருவர், "கட்டை அடிக்கிறதுல அப்பிடி என்ன இருக்கு, நானா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவருடைய தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் விளக்கினேன். காய்ந்த பாலை மரக் கட்டையாக இருக்க வேண்டும். ஒரு முழ நீளம். நான்கு பக்கமும் ஒரே அளவாகச் சீவ வேண்டும், ஒரு பக்கம் கூடுதலாகச் சீவினால் இறங்கும்போது அந்தப் பக்கம் ஓடும். முதல் அடி மெதுவாக, கட்டைக்கு நிலத்தை அறிமுகப்படுத்துகிற மாதிரி. பிறகுதான் பலமாக. நான்கு விரல் வெளியே தெரியும்போது நிறுத்த வேண்டும். தலையில் சிவப்புப் பெயின்ட், நடுவில் ஓர் ஆணி. புதியவர் கேட்டுவிட்டு, "நல்ல விசயம்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு இதையெல்லாம் பழக்கியவர் விக்கிரம சேர். சிலாபம் பக்கத்துச் சிங்களவர், எங்களைவிடத் திருத்தமாகத் தமிழ் கதைப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கருவிக்குள் பார்த்தபடியே வலது கையின் சுண்டுவிரலை மட்டும் தூக்குவார். விரல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் நான் அரை அங்குலம் இடம் போக வேண்டும். விரல் மடங்கினால் அடி. நூறு யார் தூரத்துக்கு அப்பால் ஒரு மனிதனின் சுண்டுவிரலை வாசிக்கிற கண் எனக்கு இருந்தது. வீட்டில் மனைவி எதிரே நின்று சொல்வது விளங்காது, சேரின் சுண்டுவிரல் விளங்கும்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. அளக்கப் போன இடத்தில் சனங்கள் வந்து எதற்கு அளக்கிறீர்கள், எங்கே மட்டும், அதாவது எதுவரைக்கும், வரும், எங்கள் கிணறு போகுமா என்று கேட்பார்கள். நாங்கள் வாய் திறக்கக் கூடாது.

"நசீர், நாம அளக்கத்தான் வந்தோம். சனங்களோட கதைக்க வேணாம். கதைச்சா முளை சாயும்" என்பார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யாரிடம் எதைச் சொன்னாலும் மறுநாள் அது ஊரெல்லாம் வேறு உருவத்தில் திரியும். நானும் அந்தச் சட்டத்தைச் சேரைவிடக் கூடுதலாகவே காப்பாற்றினேன். கற்பிட்டிப் பக்கம் ஒரு தென்னங்காணியை மூன்று நாள் அளந்தோம். அங்கே குடிசை போட்டிருந்த மனிதர் தினமும் பத்து மணிக்கு எனக்குப் பால் விடாத தேத்தண்ணி, பிளேன்டி, கொண்டுவந்து தருவார். தந்துவிட்டு, "என்ன நடக்கப்போகுது தம்பி?" என்று கேட்பார். "அளக்கிறோம்" என்று சொல்லிக் குடிப்பேன். இரண்டாம் நாளும் கேட்டார், அதையே சொன்னேன். மூன்றாம் நாள் கடைசி முளையை அவருடைய அடுப்படிக்கும் கிணற்றுக்கும் நடுவே அடித்தேன். அன்றைக்குப் பிளேன்டி வரவில்லை. சேர் என் தோளில் தட்டி, "நல்ல பிள்ளை, ஒரு சொல் கதைக்கல்ல" என்றார். அந்தப் பாராட்டை வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன். அந்த மனிதர் பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற முதல் மாதம் எங்கள் வீட்டை அளந்தேன். குசினித் தட்டு ஒரு பக்கம் முக்கால் அங்குலம் சரிவு என்று கண்டுபிடித்தேன். உடுப்புக் காயப்போடுகிற கொடியை முற்றத்தின் நடுக்கோட்டுக்கு மாற்றினேன். அலுமாரியைச் சுவரோடு நேராக்கப் போய்க் கதவு திறக்க முடியாமல் ஆக்கினேன். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, தனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம், "இந்த மனுஷனை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க மிஸி" என்று என்னை ஒப்படைத்துவிட்டாள். நான் இயற்கையைக் காக்கப் புறப்பட்ட வரலாறு இதுதான்.

மிஸிக்கு ஊர் உடப்பு. பெயர் ரஞ்சிதமலர் என்றாலும் அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு, கடல்நீர் ஏறி நிற்கிற களப்புக் கரையில் அழிந்துபோன கண்டல் மரங்களைத் திரும்ப நடுகிற எங்கள் குழுவை வாட்டு மாதிரி நடத்துகிறார். மழை குறைந்து வாடைக்காற்று எழும்புகிற மார்கழி, தை மாதங்களில்தான் நடுகை. அந்தக் காலத்தில் காலை ஆறு மணிக்குக் களப்பில் இறங்கினால் குளிரும். மலைநாட்டு நுவரெலியாக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், அது வேறு விசயம். நான் முதல் நாள் சுவெட்டர், மஃப்ளர், குரங்குத் தொப்பி எல்லாவற்றோடும் போய் இறங்கினேன். மிஸி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல. இறங்குங்க" என்றார்.

கண்டல் காய் முருங்கைக்காயைப் பாதியாக முறித்த மாதிரி இருக்கும். மரத்திலேயே முளைத்துத் தொங்குகிற முளை அது. கழுத்தில் மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றியது. பச்சையாக இருக்கிறதைப் பறிக்கக் கூடாது. பொறுக்கியதை வாளித் தண்ணீரில் போட்டு, துளை விழுந்ததைக் கழிக்க வேண்டும். சேற்றில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் போதும். ஒரு விசயம் மட்டும் கவனம், காய்க்கு இரண்டு முனையும் கூர்தான். எது வேர், எது குருத்து என்று பார்த்து வைக்க வேண்டும். நான் கட்டை அடித்துப் பழகிய ஆள் இல்லையா, எந்த முனை கையில் வந்ததோ அதைக் கீழே வைத்து, ஒரே நேர்கோட்டில் மளமளவென்று அறுபது நட்டுவிட்டு நிமிர்ந்தேன். மிஸி வந்து நின்று பார்த்தார்.

"நானா, பொறந்த பிள்ளையத் தலைகீழாப் பிடிச்சு ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். அதுகூட அழுகுற வரைக்கும்தான். நீங்க நிரந்தரமாவே அப்பிடி விட்டுட்டீங்களே."

அறுபதையும் பிடுங்கித் திருப்பி வைத்தேன். ஆனால் கோடு என்னவோ அச்சு மாதிரி நேராக இருந்தது. அதை யாராவது சொல்வார்கள் என்று அன்று முழுக்க எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

இனித்தான் நான் எழுத வந்த கதை.

போன வருடம் மார்கழியில் கண்டக்குழியின் களப்புப் பக்கம் ஒரு துண்டுக் கரையில் நடுவது என்று முடிவாயிற்று. என் நேர்கோட்டுப் பெருமையைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று எனக்குத் தோன்றியது. நான் முதல் நாளே போய்க் கோடு குறித்து வைக்கிறேன், மறுநாள் எல்லோரும் நூலைப் பார்த்து நட்டுக்கொண்டு போகலாம் என்று மிஸியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அங்க ஒரு கருவாட்டு வாடி இருக்கு. அந்தப் பொம்பிளையோட ஒருக்கா கதைச்சிட்டு வாங்க" என்றார். கட்டாயம் கதைக்கிறேன் என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து நாற்பது முளை சீவினேன். தலைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். கண்டல் நடுவதற்குச் சிவப்புப் பெயின்ட் எதற்கு என்று மனைவி கேட்டாள். முளை என்றால் சிவப்புத்தான் என்று சொன்னேன். சேறு படும் என்று பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். தலைக்குக் கந்தோர் தொப்பி. கையில் மரச்சுத்தியல், இடுப்பில் நூல்பந்து, சட்டைப்பையில் குறிப்புப் புத்தகம். கண்ணாடியில் பார்த்தபோது ஓய்வு பெற்ற ஆளாகவே தெரியவில்லை.

அந்தக் கரையில் கிடுகு வேய்ந்த குடிசை மாதிரி ஒரு வாடியும் அதன் முன்னால் மீன் காயப்போடுகிற பந்தலும் இருந்தன. பந்தல் நிறையக் கீரிமீன் விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய தோணி. இரண்டு பக்கமும் கொஞ்சத் தூரத்தில் சுற்றுலா விடுதிகளின் வேலி. நான் நூலை இழுத்து முளை அடித்துக்கொண்டு போனேன். இருபத்தைந்தாவது முளையில் வாடிக்குள் இருந்து ஒரு பெண் வந்தார். பெயர் ஹாஜரா என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். அவருடைய வாப்பா தொடங்கிய வாடியை அவர்தான் இப்போது நடத்துகிறார். அந்தத் துண்டுக்குக் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, அரசாங்க ஒப்பமும் இல்லை, யாரும் எழும்பு என்று சொல்லாத வரைக்கும் இருப்பதுதான். இதில் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"சேர்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். முப்பத்துநான்கு வருடத்தில் என்னை யாரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. விக்கிரம சேர் நிற்கிற மாதிரி, முகத்தைக் கொஞ்சம் களப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"என்ன செய்யப்போறீங்க, சேர்?"

"நாளைக்குக் காலைல முளை வைக்கப்போறோம்."

"எங்க மட்டும் வரும்?"

"இந்தப் பந்தல் மட்டும் வரும்."

"பந்தல் இடைஞ்சலா, சேர்?"

"ஒரு கால் கோட்டில நிக்குது. பாப்பம்."

அவர் என் முகத்தையும் சிவப்புத் தலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி சேர்" என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு பிளேன்டியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். மிஸி சொன்ன மாதிரி அந்தப் பெண்ணோடு கதைத்தாயிற்று என்று மனதுக்குள் ஒரு புள்ளியும் போட்டுக்கொண்டேன். மிச்சம் பதினைந்து முளையையும் அடித்துவிட்டு, கோட்டை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். சேர் இருந்திருந்தால் சுண்டுவிரலை அசைத்திருக்கவே மாட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, ஏழு மணிக்கு நாங்கள் பதினொரு பேர் கண்டல் காய்ச் சாக்குகளோடு போய் இறங்கினோம். பந்தலைக் காணவில்லை. நான் முதலில் இடம் மாறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் பந்தல் கால்கள் பிடுங்கிக் கட்டாகக் கட்டியிருந்தன. கிடுகு சுருட்டியிருந்தது. வாடிக்குக் கூரை இல்லை. பாதி காய்ந்த கீரிமீன் சாக்குகளில் திணித்து றோட்டோரம் அடுக்கியிருந்தது, அதில் இருந்து நீர் கசிந்தது. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியில் ஹாஜரா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"இப்ப கோடு சரியாப் போகும், சேர். ஒரு காலும் இடைஞ்சல் இல்ல" என்றார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். ஒரு கணம், பரவாயில்லையே, ஒத்துழைக்கிற பெண் என்று நினைத்தேன். மிஸிதான் சாக்கைக் கீழே வைத்தார். நூலைப் பார்த்தார், சிவப்புத் தலைகளைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார்.

"நானா, இவங்களோட கதைச்சீங்களா?"

"கதைச்சேன் மிஸி."

"என்ன கதைச்சீங்க?"

"நாளைக்கு முளை வைக்கப்போறோம் எண்டு சொன்னேன்."

"எந்த முளை?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலில் சேறு சில்லென்று ஏறியது மாதிரி ஏதோ உள்ளே ஏறியது. சாக்குக்குள் கையை விட்டு ஒரு கண்டல் காயை எடுத்து ஹாஜராவிடம் நீட்டினேன். "இதுதான் தங்கச்சி. இந்த முளைதான். அளக்க இல்ல. நான் கந்தோர் ஆள் இல்ல, ரிட்டயர் ஆகிட்டேன். உங்கட இடத்தை யாரும் எடுக்கல்ல" என்று என்னென்னவோ ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னேன்.

அவர் காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"யாழ்ப்பாணத்துல எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம்தான் தந்தாங்க. எனக்கு அப்ப பத்து வயசு. உம்மா அடுப்புல வெச்ச சோத்த அப்பிடியே விட்டுட்டு வந்தாங்க. நீங்க ஒரு ராவு முழுக்கத் தந்தீங்க. நல்ல மனுஷன் எண்டு நெனச்சேன், சேர்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாடைக்காற்று என்று சொல்லித் தப்பலாம், ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பிட்டித் தென்னங்காணியில் மூன்றாம் நாள் பிளேன்டி கொண்டுவராத அந்த மனிதர் எத்தனையோ வருடம் கழித்து என் முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. அவரும் இப்படித்தான் அடுப்படியைப் பிரித்தாரோ என்னவோ. எனக்குப் பெயர் தெரியாத அவருக்கும் சேர்த்து, "என்னை மன்னிச்சிருங்க தங்கச்சி, என்ட பிழை" என்றேன். அவர் மீன் சாக்கைப் பார்த்தார்.

மிஸி கையைத் தட்டினார். ஒரு கண்டல்கூட இன்றைக்கு நடுவதில்லை, முதலில் பந்தல் என்றார். வாட்டில் விபத்துக் கேஸ் வந்தால் எப்படியோ அப்படி வேலையைப் பிரித்தார். நான்கு பேர் கால் நட, இரண்டு பேர் கிடுகு வேய, மூன்று பேர் மீன் கழுவ. பனியும் ஈரமும் பட்ட மீனைத் திரும்ப உப்புத் தண்ணீரில் அலசி, புதிதாக உப்பிட்டு, ஹாஜரா காட்டிய மாதிரி முதுகு மேலே வர விரித்தோம். ஒரு சாக்கு மீன் தப்பவில்லை. அதைப் புதைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். குழி வெட்டி முடிந்ததும் மிஸி எட்டிப் பார்த்து, "இதையும் நாலு மூலையும் நேராத்தான் வெட்டியிருக்கீங்க" என்றார். அன்றைக்கு முதல்தடவையாக ஹாஜரா சிரித்தார்.

பிறகு நான் முளை பிடுங்கினேன். ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூடப் பிடுங்கியதில்லை. அடித்த முளையில் கை வைப்பது குற்றம் என்று ஊர் ஊராக எச்சரித்த வாய் என்னுடையது. முதல் முளையைப் பிடித்தபோது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நன்றாகவே அடித்திருந்தேன் போல, ஒவ்வொன்றும் வர மறுத்தது. நாற்பதாவதைப் பிடுங்கியபோது சேற்றில் மல்லாக்க விழுந்தேன். ஒருவரும் தூக்கவில்லை, எல்லோருக்கும் வேலை இருந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜரா எங்களோடு வந்து உட்கார்ந்து, நாங்கள் கொண்டுபோன பாண் ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டார். என் கோடு போன இடத்தைக் காட்டி, அங்கே நட்டிருந்தால் ஒரு மாதத்தில் அழுகியிருக்கும் என்றார். அந்த இடத்தில் எப்போதும் முழங்கால் தண்ணீர் நிற்குமாம், தோணி வருகிற வழியும் அதுதானாம். தண்ணீர் தானாகக் கண்டல் காயைக் கொண்டுவந்து ஒதுக்குகிற இடம் வேறு என்று எழும்பி நடந்து காட்டினார். கரை அங்கே வளைந்து வளைந்து போனது. அடுத்த ஞாயிறு அந்த வளைவில்தான் நட்டோம். ஒரு கோடும் இல்லை, நூலும் இல்லை. எனக்குக் கை அரித்தது, பொறுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஹாஜரா என்னை நானா என்று கூப்பிடத் தொடங்கினார். சேர் என்ற உத்தியோகம் எனக்கு எட்டு நாள்கூட நிலைக்கவில்லை.

இந்த மார்கழியில் நட்டதைப் பார்க்கப் போனோம். பாதிக்கு மேல் நிற்கிறது, ஆளுக்கு நான்கைந்து இலையோடு. மற்றவர்கள் செத்ததை எண்ணிக்கொண்டிருக்க, ஹாஜரா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன மாதம் யாரோ இரண்டு பேர் வந்து இந்த இடம் யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள்.

"என்ட எண்டு சொன்னேன் நானா. எத்தன அடி எண்டு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல்ல. உங்களுக்கு அளக்கத் தெரியும்தானே. ஒருக்கா அளந்து தாங்க."

நான் அளந்தால் அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை, முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு கந்தோரிலும் செல்லாது என்று விளக்கினேன். அது தனக்கும் தெரியும் என்றார். "அடுத்த முறை யாராச்சும் வந்து கேட்டா, இத்தன அடி எண்டு சொல்லணும். அவ்வளவுதான்."

முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனையோ பேருடைய நிலத்தை அளந்திருக்கிறேன். அளந்து தாருங்கள் என்று நிலத்தில் நிற்கிற ஆளே என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை தனியாகப் போனேன். தொப்பியும் இல்லை, காக்கிச் சட்டையும் இல்லை, சுவெட்டர் மட்டும். அளவுநாடாவின் ஒரு முனையை ஹாஜரா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். வாடியின் பின்பக்கம் இத்தனை அடி, பக்கவாட்டில் இத்தனை அடி என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கரித்துண்டால் வாடிக்காலில் எழுதினார். திரும்பவும் சொல்லுங்கள் என்றார், திரும்பவும் சொன்னேன். றோட்டுப் பக்கம் இரண்டு மூலைக்கும் என்னுடைய சிவப்புத் தலை முளைகளில் இரண்டு. களப்புப் பக்கம் மரக்கட்டை உளுத்துப்போகும் என்பதால் அந்த இரண்டு மூலைக்கும் கண்டல். காயைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாஜரா, "இந்த முனைதானே கீழ, நானா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலைகீழாக நட்ட அறுபதின் கதையையும் மிஸி சொல்லாமல் விடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எதற்காக அந்த இடத்தில் அடிக்கிறேன், கோடு எங்கே இருந்து எங்கே போகிறது, எது உள்ளே, எது வெளியே என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் அடித்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன். முப்பத்துநான்கு வருடக் கதையை அன்றைக்கு ஒரே காலையில் கதைத்துத் தீர்த்தேன். பிறகு தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

நான்கு முளையும் நேராக நின்றன.